செம்மறியாடுகளுக்கு மரத்தழை

"இடையன் வெட்டு அறா வெட்டு" என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வரும் பழமொழி. தொடங்கிய வேலையை முடிக்காமல் பாதியில் விட்டுச் செல்பவனை இகழ்வதற்கே இன்று இதனைக் கூறுகின்றோம். ஆயின் அம்மொழி பிறந்த இடத்தை ஆராயுங்கால் அதில் இகழ்ச்சி சிறிதும் இல்லை என்பது புலனாகும். கோடையில் புல் கரிந்துபோன காலத்தில் இடையன் மரக்கிளையை முற்றிலும் துண்டித்து விடுவதில்லை. பாதியளவு வெட்டி, ஆடுகளின் வாய்க்கு எட்டுமாறு அதனை வளைத்துத் தாழ்த்துவான். ஆடுகள் தழையைத் தின்னும். அடிப்பட்டை அறாமல் நிற்பதால் கிளையும் உயிரோடிருந்து மறுபடி தளிர்க்கும். மந்தையும் பிழைக்க வேண்டும், மரமும் பிழைக்க வேண்டும் என்னும் இருவகைக் கவலையே அவ்வரைவெட்டிற்குக் காரணம். நகரத்தார் இதனைச் சோம்பல் என்று கொண்டது, மந்தையை அறியாமையால் விளைந்த பிழை.

அவ்விடையனுடைய கவலை இன்று நமது கல்லூரிப் பக்கத்திலேயே, தாம்பரத்திற்குத் தெற்கே, வேறோர் உருவில் நிற்கின்றது. 1931-ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கிய காலத்தில், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி முதலியவை ஏரிப் பாசனத்தையும் புன்செய்யையும் நம்பியிருந்த கிராமங்களே. 1980-இல் மறைமலைநகர் அமைக்கப்படலாயிற்று. நந்திவரம் - கூடுவாஞ்சேரி இப்பொழுது ஒரு நகராட்சி. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் பெரிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. இவற்றால் ஜனங்களுக்கு விளைந்த நன்மை பெரிது. அதை மறுப்பார் இல்லை. ஆயின் ஆட்டுக்காரனுடைய கண்ணால் நோக்கினால், மேய்ச்சற்கால் புறம்போக்கும், அறுவடை முடிந்த தாள் வயலும், தரிசும் ஒன்றன்பின் ஒன்றாகக் கல் நட்ட மனைகளாக மாறி வருகின்றன. எஞ்சியவை ஏரிக்கரை, ஏரியின் உள்வாய், விற்காமல் கிடக்கும் மனைகள், இரயில் பாதையின் ஓரம் ஆகியவையே. மாலை நேரத்தில் பெருஞ்சாலையைக் கடக்க முடியாமல் ஒரு மந்தை ஓரமாய் ஒதுங்கி நிற்பதை இவ்வழிச் செல்லும் மாணவர் பலரும் கண்டிருப்பர்.

அம்மந்தைகளிற் பெரும்பாலானவை சென்னைச் சிவப்பு என்னும் இனத்தைச் சேர்ந்தவை. செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளே இவ்வினத்தின் தாயகம். உடல் செம்பழுப்பு நிறம். சிலவற்றிற்கு நெற்றியிலும் தொடையின் உட்புறத்திலும் வெண்மை காணப்படும். கிடாவிற்கு முறுக்குண்ட வலிய கொம்பு உண்டு. பெட்டைக்குக் கொம்பு இல்லை. கம்பளி தரும் ஆடன்று; குட்டை மயிருடைய இறைச்சி ஆடு. வளர்ந்த பெட்டை ஏறத்தாழ 25 கிலோகிராம் எடையிருக்கும். வெயிலையும் நடையையும் தாங்கும் உடல் இதற்கு இயற்கையாய் அமைந்தது. கூடுவாஞ்சேரிக்கு அடுத்த காட்டுப்பாக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையத்தில், இவ்வினத்தைப் பேணி மேம்படுத்தும் வேலை நடைபெற்று வருகின்றது. நல்ல இனத்தைத் தெரிந்தெடுத்தல் ஒரு பக்கம் இருக்க, பங்குனி முதல் ஆனி வரையில் அதன் வயிற்றுக்கு என்ன கொடுப்பது என்பதே மந்தைக்காரனுக்கு முன்னிற்கும் வினா. அதற்குரிய விடைகளுள் மரத்தழை ஒன்று. அது எவ்வாறு பயன்படுகின்றது, எவ்வளவு பயன்படும், எங்கே பயன்படாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கோடைப் பசியின் தன்மையை அறிதல் வேண்டும். வயிற்றை நிரப்ப ஒன்றும் இல்லாமையால் ஆடு மெலிகின்றது என்று நாம் எண்ணுகின்றோம். பலவேளை உண்மை அதுவன்று. சித்திரையிலும் ஏரியின் உள்வாயிலே காய்ந்த புல் கிடக்கத்தான் கிடக்கும், வைக்கோலும் கிடைக்கும். ஆடு அவற்றைத் தின்றும் மெலிகின்றது. இதன் காரணம் ஆட்டின் வயிற்றமைப்பில் உள்ளது. அசைபோடும் பிராணிகளுக்கு இரைப்பை நான்கு அறைகளாக அமைந்துள்ளது. அவற்றுள் முதலாவதும் மிகப் பெரியதுமான அறை உண்மையில் ஓர் ஊறல் தொட்டி. அதனுள் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லின் நாரை உடைக்கும் ஆற்றல் ஆட்டிற்கு இல்லை, அந்நுண்ணுயிர்களுக்கே உண்டு. அவை நாரைப் புளிக்கச் செய்து வெளியிடும் அமிலங்களையே ஆடு தன் உடலுக்கு எரிபொருளாகக் கொள்ளுகின்றது. பின்பு அந்நுண்ணுயிர்களே அடுத்த அறைகளுக்குச் சென்று செரிக்கப்பட்டு ஆட்டிற்குப் புரதமாகின்றன. சுருங்கச் சொன்னால், ஆட்டுக்காரன் தான் ஆட்டிற்குத் தீனி போடுவதாக நினைக்கின்றான். அவன் போடுவதோ நுண்ணுயிர்களுக்கு.

அவை பெருகுவதற்கு நைட்ரஜன் வேண்டும். அது தீனியிலுள்ள புரதத்திலிருந்து வருவது. தீனியின் உலர்பொருளில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கேனும் புரதம் இருந்தாலன்றி இந்நுண்ணுயிர்கள் செவ்வனே வேலை செய்யமாட்டா. மழைக்காலத்துப் பசும்புல்லில் இதற்கு மேலாகவே இருக்கும். கோடையிற் காய்ந்த புல்லிலும் வைக்கோலிலும் 3 அல்லது 4 பங்குதான். எனவே தொட்டியிலுள்ள வேலையாட்கள் பட்டினியாகின்றனர். நார் உடைபடாமல் அப்படியே கிடக்கின்றது. முன்னது வெளியேறாமையால் புதியதற்கு இடமில்லை. ஆடு மேய்ச்சலைக் குறைத்துக்கொள்ளுகின்றது. வயிறு உப்பியிருக்க உடல் மெலிந்திருக்கும் கோடை ஆட்டின் தோற்றத்திற்கு இதுவே விளக்கம்.

இவ்விடத்தில் தழை வந்து சேர்கின்றது. அகத்தி, சூபாபுல், சீமைக்கிளுவை போன்ற அவரையினத்து மரங்களின் தழையில், உலர்பொருளில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை புரதம் உண்டு. ஒரு சிறு கணக்கால் இதன் பயனை அறியலாம். 25 கிலோகிராம் எடையுள்ள பெட்டை ஒன்று நாளொன்றுக்கு 800 கிராம் உலர்பொருள் தின்னும் என்று கொள்வோம். அது முழுவதும் நூற்றுக்கு 4 பங்கு புரதமுள்ள காய்ந்த புல்லாயின் கிடைக்கும் புரதம் 32 கிராம். அதற்குப் பதிலாக 1 கிலோகிராம் பசுந்தழை கொடுப்போம். பசுந்தழையில் பெரும்பகுதி நீர்; உலர்பொருள் 260 கிராம் இருக்கலாம். நூற்றுக்கு 22 பங்கு வீதம் அதில் 57 கிராம் புரதம். மீதி 540 கிராம் காய்ந்த புல்லில் 22 கிராம். ஆக 79 கிராம். அதாவது முழுத் தீனியில் நூற்றுக்கு 10 பங்கிற்குச் சற்றுக் குறைவு. ஊறல் தொட்டி மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிடும். முன்பு பயனின்றிக் கிடந்த காய்ந்த புல்லும் இப்பொழுது செரிக்கின்றது. ஆடு அதனை அதிகமாகவும் தின்கின்றது. ஆகவே தழையின் மதிப்பு தழையில் மட்டும் இல்லை. அது புல்லை உணவாக்கித் தருகின்றது. புல்லே இல்லாத இடத்தில் தழையின் பெருமையிற் பாதி போய்விடும்.

அன்றியும் பசுந்தழையில் மாலைக்கண்ணைத் தடுக்கும் சத்து மிகுதி. சுண்ணாம்புச் சத்தும் நிறைய உண்டு. பாஸ்பரச் சத்து மட்டும் குறைவு. அக்குறையை அரிசித் தவிடு ஈடுசெய்யும். தழையோடு ஒரு கைப்பிடி தவிடு வைக்கும் வழக்கம் சாஸ்திரத்திற்கும் ஒத்ததே.

இவ்வளவு நல்லதாயின் தழையையே முழுத் தீனியாகக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். வெள்ளாட்டை மனத்திற்கொண்டு கேட்கப்படும் கேள்வி இது. வெள்ளாடு பின்னங்கால்களில் நின்று கிளையை எட்டித் தின்னும் பிராணி. இலை தழைகளின் துவர்ப்பையும் கசப்பையும் தாங்கும் இயல்பு அதற்கு அமைந்தது. செம்மறியோ தலை கவிழ்ந்து புல் மேய்வது. தழையை விரும்பித் தின்னுமாயினும், அதிலுள்ள தீங்குகளைத் தாங்கும் வலிமை அதற்குக் குறைவு. மரத்தில் எட்டிப் பறிக்கவும் அறியாது. ஆகையால் செம்மறிக்குத் தழையைக் கொண்டுவந்து கொடுப்பவன் மனிதனே. அளவு தவறினால் பொறுப்பும் அவனுடையதே.

தழையிலுள்ள தீங்குகளுட் பொதுவானது டானின் என்னும் துவர்ப்பொருள். தோல் பதனிடுவோர் கருவேலம்பட்டையையும் ஆவாரம்பட்டையையும் பயன்படுத்துவது இப்பொருளுக்காகவே. தோலிலுள்ள புரதத்தோடு அது கெட்டியாய்ப் பிணைந்துகொள்ளும். ஆட்டின் வயிற்றிலும் அதே வேலையைச் செய்கின்றது. தழையில் இது சிறிதளவு இருந்தால் நன்மையே: புரதம் முதலறையிலேயே வீணாகாமல் அடுத்த அறைகளுக்குச் சென்று செரிக்க வழியுண்டாகும். மிகுந்துவிட்டால் புரதம் முற்றிலும் கட்டுண்டு சாணத்தோடு வெளியேறும். ஆடும் தீனியை வெறுக்கும். வேல மரங்களின் தழை, முற்றிய இலைகள் ஆகியவற்றில் இது மிகுதி. அகத்தியில் மிகக் குறைவு.

இனி, இப்பகுதியில் எளிதிற் கிடைக்கக் கூடிய மரங்களை நோக்குவோம்.

அகத்தியைப் பற்றி நமக்குக் கூற வேண்டுவதில்லை. அமாவாசையன்று பசுவிற்குக் கொடுப்பதற்கென்று கோயில் வாசல்களிற் கட்டுக் கட்டாக விற்கின்றார்களே, அதுவே. விதைத்த சில மாதங்களில் ஆளுயரத்திற்கு மேல் வளரும். வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர்வதற்கும் இதனையே நடுகின்றனர். தழையாகிய தீனிகளுள் செம்மறிக்கு மிகவும் ஏற்றது இது என்பது எம் கருத்து. ஆயின் மென்மரமாதலால் அடிக்கடி மொட்டையடிப்பதைத் தாங்காது. தலையை மட்டும் கிள்ளி, பக்கக் கிளைகளை மாற்றி மாற்றி ஒடித்துக்கொள்ள வேண்டும். இடுப்பளவில் வெட்டினால் பெரும்பாலும் பட்டுப்போகும். நீர் தேங்கும் இடத்திலும் வளரும் என்பது ஏரிக்கரைக் கிராமங்களுக்கு ஒரு வசதி.

சூபாபுல் என்பதும் சவுண்டல் என்பதும் ஒரே மரம். வேலிமசால் என்பது வேறொரு சிறு செடி. இரண்டையும் ஒன்றாக எண்ணி விதை வாங்குவோர் உளர். இது மெக்சிக்கோ நாட்டு மரம். ஸ்பானியர் கப்பல் வழியே பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குச் சென்று அங்கிருந்து கீழ்நாடுகளிற் பரவியது. எவ்வளவு வெட்டினாலும் தளிர்க்கும் இம்மரத்திற்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. இதன் தழையில் மைமோசின் என்னும் பொருள் உள்ளது. தழையை மாத்திரம் தொடர்ந்து தின்ற செம்மறிக்கு இரண்டு வாரத்திற்குள் மயிர் உதிரத் தொடங்கும். கத்தரிக்கோல் இன்றிக் கம்பளி எடுக்க இது உதவுமோ என்று ஆஸ்திரேலியாவில் ஒரு காலத்தில் ஆராய்ச்சியும் நடந்தது! வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் மைமோசினை மாற்றிவிட்டாலும், அதிலிருந்து பிறக்கும் மற்றொரு பொருள் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியை வீங்கச் செய்து வளர்ச்சியைக் கெடுக்கும். ஆஸ்திரேலியக் கால்நடைகள் இவ்வாறு துன்புற்றிருக்க, ஹவாய்த் தீவின் ஆடுகள் அதே தழையை ஏராளமாய்த் தின்று கொழுத்திருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்னும் ஆஸ்திரேலிய அறிஞர் இவ்வேற்றுமையைக் கவனித்து, ஹவாய் ஆட்டின் வயிற்றிலுள்ள ஏதோ ஒரு நுண்ணுயிரே அந்நஞ்சை அழிக்கின்றது என்று ஊகித்தார். 1980-களின் தொடக்கத்தில் அவ்வயிற்று நீரைத் தம் நாட்டுக் கால்நடைகளுக்குப் புகட்டியதும் அவையும் நோயின்றி அத்தழையைத் தின்னலாயின. பின்பு 1992-இல் அந்நுண்ணுயிர் தனியே விவரிக்கப்பெற்று, அவர் பெயராலேயே சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயரிடப்பட்டது. வயிற்றுக்குள் வாழும் வேலையாட்களின் இனம் மாறினால் நஞ்சும் உணவாகும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் இல்லை. நம் ஊர் மந்தையில் அந்நுண்ணுயிர் உண்டா என்று ஆட்டுக்காரன் சோதித்தறிய இயலாது, தேவையும் இல்லை. முழுத் தீனியில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்படாமல் கொடுத்துவந்தால் தீங்கு வருவதில்லை. இம்மரத்தைப் பற்றி மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். இதன் விதை மிகப் பலவாய் உதிர்ந்து முளைத்து, கேட்பாரற்ற மனைகளைக் காடாக்கிவிடும். பூக்குமுன் வெட்டித் தீர்ப்பவனே இதனை வளர்க்கத் தக்கவன்.

சீமைக்கிளுவை என்று யாழ்ப்பாணத்தாரும், கிளைரிசிடியா என்று நம்மவரும் கூறும் மரம் போத்து நட்டாலே வேரூன்றும். தழை சத்துடையது; ஆயினும் அதன் மணம் ஆடுகளுக்குப் பிடிப்பதில்லை. முதல்நாள் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிச் செல்லும். ஓரிரவு வாடவைத்து, பழகிய தழையோடு கலந்து, பொறுமையாய்ப் பத்து நாள் பழக்கினால் பின்பு தின்னும். பூஞ்சணம் பிடித்த தழையை மட்டும் கொடுத்தலாகாது. அதில் இரத்தத்தை உறையவொட்டாமற் செய்யும் நஞ்சு உண்டாகும்.

பழைய நாட்டு மரங்களுள் வாகை நல்ல தழையுடையது; ஆயின் கோடைத் தொடக்கத்தில் அம்மரமே மொட்டையாய் நின்று சத்தைகளை அசைத்துக்கொண்டிருக்கும். தேவையான காலத்தில் கைவிடும் நண்பனைப் போன்றது. வேம்போ அதற்கு மாறாகப் பங்குனி சித்திரையில் புதுத்தளிர் விடும். கசப்பாயினும் பழகிய ஆடுகள் தின்னும். பூவரசு, கொடுக்காய்ப்புளி ஆகியவை நடுத்தரம். ஆல், அரசு முதலியவற்றில் வயிறு நிரம்புமேயன்றிப் புரதம் அதிகம் இல்லை. எங்கும் பரந்து கிடக்கும் சீமைக்கருவேலின் இலையை ஆடு தொடாது. அதன் முற்றிய காயையே விரும்பும். அக்காயை முழுதாய்த் தின்ற ஆடு போகுமிடமெல்லாம் விதைத்துக்கொண்டே போகும் என்பதை மறக்கலாகாது. இடித்து மாவாக்கிக் கொடுத்தால் அத்தொல்லை இல்லை.

விஷத் தழைகள் சிலவற்றையும் குறிப்பிடுதல் அவசியம். நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் அழகுக்காக வளர்க்கப்படும் அரளி, சிறிதளவே தின்றாலும் உயிரைப் போக்கும். கத்தரித்த கிளைகளைக் குவியலாய் ஓரத்திற் போடும்போது பசித்த மந்தை அதில் வாய் வைக்கும் அபாயம் உண்டு. ஏரிகளின் ஓரத்தில் ஊதாப் பூவோடு அடர்ந்து நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு நரம்புகளைக் கெடுத்து ஆட்டைத் தள்ளாடச் செய்வது. ஒருமுறை சுவை கண்ட ஆடு அதனையே நாடிச் செல்லும். வெள்வேலின் இளந்தழையிலும் பசுங்காயிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் உண்டாகக் கூடுமாதலால், வெறும் வயிற்றோடிருக்கும் ஆட்டிற்கு அவற்றை மிகுதியாய்க் கொடுத்தல் தவறு.

கொடுக்கும் முறையில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. காலையில் மேய்ச்சலுக்குப் போகுமுன் கொடுப்பதைவிட, மாலையில் பட்டிக்குத் திரும்பிய பின்பு கொடுத்தல் நன்று. மேய்ச்சலின் சுறுசுறுப்பு குறையாது. இரவெல்லாம் அசைபோடுவதற்கும் வாய்க்கும். தரையிற் பரப்பினால் பாதி மிதிபட்டு வீணாகும்; சிறு கட்டுகளாய்க் கட்டி ஆட்டின் தலையுயரத்தில் தொங்கவிட வேண்டும். புதிய தழை எதுவாயினும் கைப்பிடியளவில் தொடங்கி ஒரு வாரம், பத்து நாளில் முழு அளவிற்கு உயர்த்த வேண்டும். நுண்ணுயிர்கள் புதிய தீனிக்குப் பழகுவதற்கு அவ்வளவு காலம் செல்லும். சாலையோரத்துத் தழையாயின் புழுதியை உதறி, நீர் தெளித்துக் கொடுப்பது நலம்.

இனி, நம்மவர் எழுதும் கட்டுரைகளிற் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் கணக்கிற்கு வருவோம். 20 பெட்டைகள் உள்ள மந்தைக்குத் தலைக்கு 1 கிலோகிராம் வீதம் நாளொன்றுக்கு 20 கிலோகிராம் தழை வேண்டும். ஒரு சூபாபுல் மரம் ஒரு வெட்டில் 2 கிலோகிராம் தழை தரும் என்றும், வெட்டிய மரம் மறுபடி வெட்டுக்கு வர 60 நாள் ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 10 மரம். 60 நாளைக்கு 600 மரம். வேலியில் மீட்டருக்கு ஒன்றாக நட்டால் 600 மீட்டர் நீள வேலி. அதாவது நாற்புறமும் 150 மீட்டர் உள்ள, ஐந்தரை ஏக்கர் நிலத்தைச் சுற்றிய வேலி முழுவதும். கூடுவாஞ்சேரியில் ஐந்தரை ஏக்கர் நிலம் உடையவன் ஆடு மேய்ப்பானா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். இங்கே ஆடு வளர்ப்போரிற் பலர் நிலமற்றவர்கள். "மரம் நடுங்கள், மந்தை பிழைக்கும்" என்று அவர்களுக்கு உபதேசிப்பது எளிது. எங்கே நடுவது என்பதற்கு விடை கூறாத உபதேசம் பயனற்றது.

ஆயினும் கணக்கைச் சற்று மாற்றிப் பார்க்கலாம். மந்தையிலுள்ள எல்லா ஆடுகளுக்கும் தழை ஒரே அளவிற் பயன்படுவதில்லை. பெட்டையின் சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதம். அதில் கடைசி ஆறு வாரத்திலேதான் வயிற்றுக்குட்டி பெரும்பகுதி வளருகின்றது. அப்பொழுது தாய்க்குப் புரதம் குறைந்தால் குட்டி சிறுத்துப் பிறக்கும், பாலும் சுரக்காது, பிறந்த சில நாட்களிலேயே குட்டி இறப்பதும் உண்டு. பால் கொடுக்கும் தாய்க்கும் புதிதாய்ப் பால் மறந்த குட்டிக்கும் இதே நிலை. சினையில்லாத பெட்டையும் கிடாவும் கோடையிற் சிறிது மெலிந்தால் மழைக்குப்பின் தேறிவிடும். எனவே 20 பெட்டைகளில் ஒரு சமயத்தில் இவ்வாறு தேவையுள்ளவை 6 என்று கொண்டால், நாளொன்றுக்கு 6 கிலோகிராம் தழை போதும். 60 நாளைக்கு 180 மரம். 600 என்பது கனவு. 180 என்பது தேடினால் அகப்படக்கூடிய எண். கைக்கெட்டும் தழையை எல்லா ஆடுகளுக்கும் பங்கிட்டு ஒன்றிற்கும் போதாமற் செய்வதை விட, பட்டியிலேயே ஒரு மூங்கிற் படலால் தடுத்து, தேவையுள்ளவற்றைப் பிரித்து அவற்றிற்கே கொடுத்தல் அறிவுடைமை.

அந்த 180 மரத்திற்கும் ஒரே இடத்தில் நிலம் வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்துக் குடியானவர் இதனை நன்கு அறிந்தவர். அங்கே வளவைச் சுற்றிக் கதியால் நட்டு வேலி அடைப்பது பழைய வழக்கம். பூவரசும் கிளுவையும் சீமைக்கிளுவையும் முள்முருக்கும் அவ்வேலியில் உயிரோடு நின்று, காலந்தோறும் வெட்டப்படும். வெட்டிய குழை வீட்டில் நிற்கும் இரண்டு மூன்று ஆடுகளுக்கும், மீதி தோட்டத்திற்கு உரமாகவும் போகும். வேலிக்கென்று நட்டதே தீனியாகின்றது. தனி நிலம் ஒன்றும் செலவாவதில்லை. கொங்கு நாட்டிலே காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகள் இதனினும் விரிந்த ஏற்பாடு. முள்கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேல மரங்களும். மழைக்காலத்திற் புல், கோடையில் அம்மரத்தின் காயும் நிழலும். அஃது ஏக்கர்க் கணக்கில் நிலமுள்ள இடத்து முறை. நம் பகுதிக்கு ஏற்றது யாழ்ப்பாணத்து வேலியே. மனை வாங்கி வீடு கட்டாமல் போட்டிருப்போர் முள்கம்பிக்குப் பதிலாக, அல்லது அதனோடு, சீமைக்கிளுவைப் போத்துக்களை நட்டு, ஆண்டுக்குச் சில முறை வெட்டிக்கொள்ளும்படி அவ்வூர் ஆட்டுக்காரனுக்கு விட்டால், மனைக்குக் காவலாயிற்று; மந்தைக்குத் தழையாயிற்று.

நட வேண்டாத தழையும் இவ்வூரில் ஏராளம் உண்டு. மின்கம்பிகளின்மேல் சாய்ந்த கிளைகளைப் பராமரிப்புக்காக அவ்வப்போது வெட்டிப் போடுகின்றனர். வேம்பும் பூவரசும் வாகையும் சூபாபுல்லும் தெருவோரத்தில் குவிந்து, இரண்டு நாளிற் சருகாகிக் குப்பை வண்டியில் ஏறுகின்றன. புல்லைக் கொண்ட நகரமே தழையை எறிகின்றது. குடியிருப்புச் சங்கங்களும் பள்ளி, கல்லூரி, தொழிற்சாலைகளும் கிளை கழிக்கும் நாளை முன்கூட்டியே ஆட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால், இரு சாராருக்கும் செலவு மிச்சம். எமது கருத்தில் இப்பகுதிக்கு உடனே கைக்கூடும் வழி இதுவே. பூச்சி மருந்து தெளித்த தழையாயின் அதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். பொது இடத்து மரங்களையும் வண்டலூரைச் சார்ந்த காப்புக் காட்டு மரங்களையும் அனுமதியின்றி வெட்டுதல் குற்றம் என்பதை ஆட்டுக்காரர் அறிவர், பிறரும் அறிக.

மரத்தில் கைவைக்கும் முறையிலேதான் தொடக்கத்திற் கூறிய இடையனிடம் நாம் கற்க வேண்டியது உள்ளது. துரட்டியால் எட்டிய கிளையையெல்லாம் இழுத்து ஒடித்தால் பட்டை நார் நாராய்க் கிழிந்து, புண் ஆறாமல் மரம் உளுத்துப்போகும். கூரிய அரிவாளால் சாய்வாக வெட்டிய காயம் விரைவில் ஆறும். ஒரே தடவையில் முழு மரத்தையும் மொட்டையடிக்காமல், தலைப்பகுதியிலும் ஒரு பக்கத்திலும் கிளைகளை நிறுத்தி வைக்க வேண்டும். இலையில்லாத மரம் வேரைப் போஷிக்க இயலாது. சூபாபுல்லை மட்டும் வேலியாக வளர்க்கும்போது 1 மீட்டர் உயரத்தில் ஒரே மட்டமாக வெட்டலாம். தளிர் நிறைய வரும். கடுங்கோடையில் இரண்டு வெட்டுகளுக்கு இடையே காலத்தை நீட்டுதல் வேண்டும்.

அங்ஙனமாயின் கோடைக்கு வேண்டிய தழை எங்கிருந்து வரும்? மழைக்காலத்திலிருந்தே. செங்கற்பட்டுப் பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர் மழை. அதிற் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மாதங்களைச் சூழ்ந்த வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. அதன் பின்பு மார்கழி, தை மாதங்களில் மரங்கள் தழைத்து நிற்கும். புல்லும் இருப்பதால் அப்பொழுது தழைக்குத் தேவை குறைவு. அக்காலத்தில் வெட்டி, கிளையோடு நிழலிற் கட்டித் தொங்கவிட்டு உலர்த்தினால், சூபாபுல், அகத்தி ஆகியவற்றின் சிற்றிலைகள் இரண்டு மூன்று நாளில் உதிரத் தொடங்கும். கீழே பழைய வேட்டி ஒன்றை விரித்து உதறிக்கொள்ளலாம். வெயிலிற் காய்ந்தால் பச்சை நிறமும் அதனோடு மாலைக்கண் தடுக்கும் சத்தும் போய்விடும். நன்கு உலர்ந்த தழையைக் கோணிப்பையில் அடைத்து, ஈரம் படாமல் பரண்மேல் வைத்தால் வைகாசி வரை கெடாது. பசுந்தழை 1 கிலோகிராமுக்கு உலர்தழை ஏறத்தாழ 300 கிராம் சமம். சினையாட்டிற்குத் தவிட்டோடு பிசைந்து வைக்கலாம். ஈரம் தங்கிப் பூஞ்சணம் பூத்த பையை முழுவதும் எருக்குழியிற் கொட்டிவிட வேண்டும்.

நடுவோர் சூபாபுல் விதையைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழான, 80 பாகை வெப்பமுள்ள வெந்நீரில் நான்கைந்து நிமிஷம் இட்டு, பின்பு குளிர்ந்த நீரில் ஓரிரவு ஊறவைத்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். இல்லையேல் கெட்டித் தோலால் பெரும்பகுதி முளைக்காது கிடக்கும். அகத்தி விதைக்கு இவ்வளவு தொல்லை இல்லை. சீமைக்கிளுவைக்கு ஆறடி நீளமுள்ள முற்றிய போத்தை, முதல் மழைக்குப்பின், ஒரு முழ ஆழத்தில் ஊன்றுவது போதும். காட்டுப்பாக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆடு வளர்ப்போருக்குப் பயிற்சியும் யோசனையும் கிடைக்கும். கூடுவாஞ்சேரியிலிருந்து பெருஞ்சாலை வழியே சிறிது தூரந்தான். நட்ட மரம் ஆளுயரம் தாண்டும் வரை, ஆறு அல்லது எட்டு மாதத்திற்கு, அதனைத் தொடாமலும் மந்தையை அதனருகில் விடாமலும் காத்தல் வேண்டும். இளங்கன்றின் தளிரை ஓர் ஆடு ஒருமுறை கடித்துவிட்டால் அவ்வாண்டுத் தழை அதனோடு முடிந்தது.